பானெட் இல்லாத பஸ்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பெரிய மாமாவைக் கூட்டிக்கொண்டு எம்.கே.பி. நகரிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மின்சார பஸ்ஸில் போனேன். செங்கல்பட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. ரயிலைப் பிடித்திருந்தால் சீக்கிரமே போய்ச் சேர்ந்திருப்போம். மாமாதான் "அந்தக் கரண்டு வண்டியில ஒருதடவ போயிடணும்மா" என்று பிடிவாதமாக நின்றார். பல்லவன் என்று பெயர் இருந்த காலத்தில் மெக்கானிக்காகச் சேர்ந்து, அது மாநகர் போக்குவரத்துக் கழகமாக (எம்டிசி) பெயர் மாறி, அதற்கப்புறமும் பல வருஷம் ஓடி, மொத்தம் 31 வருஷம் டெப்போவிலேயே கிடந்தவர் அவர். தெருமுனையில் திரும்புகிற பஸ்ஸை எட்டிக்கூடப் பார்க்காமல், வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே, கிளட்ச் தேய்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லுவார்.

வண்டி வந்து நின்றது. மாமா பழக்கத்தில் கம்பியை எட்டிப் பிடித்து, உடம்பை மேலே இழுக்கத் தோதாகக் காலை நன்றாகத் தூக்கி வைத்தார். படி இருக்கும் என்று தூக்கிய கால், இல்லாத படியில் இறங்கி, ஆள் லேசாகத் தடுமாறிவிட்டார். பின்னால் நின்ற பையன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். மாமாவுக்கு வெட்கம். முட்டி வலிக்காரர், பஸ் ஏறுவதென்றால் இரண்டு நாள் யோசிப்பவர், ஏறிவிட்டோம் என்பதே தெரியாமல் ஏறியிருந்தார்.

உள்ளே வந்ததும் சீட்டைத் தேடவில்லை. நேராக முன்னால் போய், டிரைவருக்கு இடதுபக்கம் குனிந்து பார்த்தார்.

"என்ன மாமா தேடுறீங்க?"

"பானெட் எங்கம்மா?"

சென்னையில் பஸ்ஸில் வளர்ந்தவர்களுக்கு பானெட் என்றால் விளக்கத் தேவையில்லை. டிரைவர் பக்கத்தில் மேடு மாதிரி எஞ்சினை மூடியிருக்கும் பெட்டி. கூட்ட நேரத்தில் பள்ளிக்கூடப் பைகள் எல்லாம் அதன்மேல்தான் மலையாகக் குவியும். இடம் கிடைக்காத பெண்கள் அதிலேயே ஒண்டி உட்காருவார்கள். மே மாத மதியத்தில் அதில் உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரியும், புடவையைத் தாண்டி சூடு ஏறும். அந்த எஞ்சினுக்குப் பக்கத்திலேயே ஒரு மனிதர் எட்டு மணி நேரம் உட்கார்ந்து, கிளட்சை மிதித்து மிதித்து, முப்பது வருஷம் ஓட்டி, காதும் இடுப்பும் போய் ஓய்வுபெறுவார். மின்சார பஸ்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் புகையில் ஆரம்பிக்கிறார்கள். எனக்கென்னவோ டிரைவரின் இடது காலில் ஆரம்பிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இதில் கிளட்ச் பெடலே கிடையாது.

சரி, புள்ளிவிவரத்தை ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன். 2019-ல் சென்ட்ரலுக்கும் திருவான்மியூருக்கும் நடுவே ஒரே ஒரு மின்சார பஸ்ஸை விட்டுச் சோதனை பார்த்தார்கள். அதற்கப்புறம் பேச்சாகவே ஆறு வருஷம் போனது. 2025 ஜூன் 30-ம் தேதிதான் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 பஸ்களை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். பஸ்களின் மதிப்பு 207.90 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு பஸ் ஒன்றே முக்கால் கோடிக்கு ஒட்டி வருகிறது. பணிமனையை இதற்காக மாற்றி அமைத்ததற்கு 47.50 கோடி தனி. ஆகஸ்டில் பெரும்பாக்கத்திலிருந்து 135 பஸ்கள், அதில் 55 ஏசி. உலக வங்கி உதவியோடு நடக்கும் திட்டத்தில் மொத்தக் கணக்கு 625.

சென்னைக்குக் கரண்டு வண்டி புதுசு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1895-லேயே இங்கே மின்சார ட்ராம் ஓடியது. இந்தியாவில் அதற்கு முன் எந்த ஊரிலும் ஓடவில்லை. 1953 ஏப்ரலில் கம்பெனி நொடித்துப்போய் ஒரேயடியாக நின்றது. மாமாவின் அம்மா, அதாவது என் பாட்டி, தங்கசாலையில் பிறந்தவள். ட்ராம் நின்றபோது பதினைந்து வயது. டிங் டிங் என்று மணியடித்துக்கொண்டு மெதுவாக வரும், ஓடிப்போய் ஏறிக்கலாம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு அப்புறம் வந்த டீசல் யுகத்தில்தான் மாமாவின் வேலை, சம்பளம், கல்யாணம், எங்கள் எல்லோருக்கும் தீபாவளித் துணி எல்லாம்.

பஸ் கிளம்பி முதல் சிக்னலில் நின்றது. மாமா என் தோளைத் தட்டி, தணிந்த குரலில், "வண்டி ஆஃப் ஆயிடுச்சா?" என்றார். இல்லை மாமா, இது இப்படித்தான் என்றேன். அவர் நம்பவில்லை. பச்சை விழுந்து, வண்டி எந்த முனகலும் இல்லாமல் நழுவினாற்போல முன்னால் போனபோது, கைகளை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டே வந்தார். அப்போதுதான் எனக்கும் கவனம் வந்தது, பஸ்ஸுக்குள் இத்தனை சத்தம் இருக்கிறது. பின் சீட்டில் ஒருவர் போனில் வட்டிக் கணக்குப் பேசுவது, கண்டக்டரின் பையில் சில்லறை உருளுவது, கதவு மூடும்போது வருகிற 'உஸ்'. அந்த உஸ்ஸைக் கேட்டதும் மாமா முகம் மலர்ந்துவிட்டது. "ஏர் கம்ப்ரசர். அது மட்டும் மாறல" என்றார்.

இந்த அமைதியால் எனக்கு ஒரு அசட்டு அனுபவமும் உண்டு. ஒரு நாள் சாயங்காலம் நிறுத்தத்தில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தேன். நான் காத்திருந்த வண்டி எனக்கு நாலடி தள்ளி வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, போயும்விட்டது. எனக்குத் தெரியவே இல்லை. முப்பது வருஷமாக காதால் பஸ் பிடித்துப் பழகியவள், தப்பு என்மேல்தான். எனக்காவது கண் இருக்கிறது. பார்வை இல்லாதவர்கள் தெருவைக் கடப்பதே சத்தத்தை நம்பித்தான். அதனால்தான் ஐரோப்பாவில் 2019-லிருந்து புது மின்சார மாடல்களும், 2021-லிருந்து புதுசாக விற்கிற மின்சார வண்டி ஒவ்வொன்றும் மெதுவாகப் போகும்போது தானாக ஒரு ஓசை எழுப்ப வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். லண்டனில் பஸ்ஸுக்கென்றே ஒரு ஓசையை உட்கார்ந்து உருவாக்கினார்கள். நம் ஊரில் ஹாரன் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிச் சிரிக்கலாம்தான், ஆனால் சிரிக்கிற விஷயமில்லை.

இப்போது புகைக்கு வருகிறேன். இதில் நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துத் திகைத்துப் போனேன், அதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வரும். நகர நெரிசலில் ஏசி இல்லாத பஸ் லிட்டருக்கு நாலு, நாலரை கிலோமீட்டர் கொடுக்கும் என்று வையுங்கள். ஆக, கிலோமீட்டருக்கு 600-லிருந்து 700 கிராம். மின்சார பஸ் கிலோமீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றேகால் யூனிட் தின்னும். நாட்டின் மின்சாரத்தில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட நிலக்கரியிலிருந்து வருவதால், தேசிய சராசரியில் ஒரு யூனிட்டுக்கு 700 கிராமுக்குச் சற்று மேல் கரியமில வாயு சேர்கிறது. பெருக்கிப் பாருங்கள். 700-லிருந்து 900 கிராம். டீசலைவிடக் கூட!

டீசல் பக்கத்தில் நான் எண்ணெய் தோண்டியது, சுத்திகரித்தது, டேங்கரில் கொண்டுவந்தது எதையும் சேர்க்கவில்லை. அதையும் சேர்த்து, ஏசி போட்ட டீசல் பஸ்ஸின் பசியையும் கணக்கில் எடுத்தால், இரண்டும் ஏறத்தாழ சமம் என்ற இடத்துக்கு வந்து நிற்கும். அவ்வளவுதான். 'பூஜ்யம் மாசு' என்று பஸ் முதுகில் எழுதி ஒட்டுவதெல்லாம் அந்த பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கில் நிற்கிறவனின் மூக்குக்குப் பொருந்தும், வானத்துக்குப் பொருந்தாது. அந்த மூக்கு சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. புகை சாலையில் நம் முகத்தருகே வராமல் போவதே பெரிய லாபம். ஆனால் புகை எங்கே போகிறது என்று பார்த்தால், அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்களின் உயரமான புகைபோக்கிகளுக்குப் போகிறது. அதாவது வட சென்னைக்கு. வியாசர்பாடியும் வட சென்னைதான். நகரத்துக்கு நல்ல காற்று கொண்டுவரும் பஸ்கள் கிளம்புகிற இடத்திலிருந்து கொஞ்ச தூரம் வடக்கே போனால் சாம்பல் பறக்கிற ஊர்கள். இந்த வேடிக்கையை அந்தப் பக்கத்து ஜனங்களிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதற்காக இந்த பஸ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டீசல் பஸ் வாங்கினால் கடைசிநாள் வரை அது டீசலைத்தான் குடிக்கும். மின்சார பஸ் அப்படியில்லை, மின்சாரம் எவ்வளவு சுத்தமாகிறதோ அவ்வளவு அதுவும் வயசாக வயசாகச் சுத்தமாகும். தமிழ்நாட்டில் காற்றாலைகளின் மொத்தத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாயில் காற்று பிய்த்துக்கொண்டு போகும்போது ராத்திரி சார்ஜ் ஏற்றுவது நல்ல யோசனை. மற்ற மாதங்களில் மதியம் பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே, கூட்டம் குறைந்து பஸ்கள் சும்மா நிற்கிற நேரத்தில், வெயில் மின்சாரம் மலிந்து கிடக்கிற நேரத்தில், ஏற்றிக்கொள்ளலாம். எந்த நேரத்தில் பிளக் சொருகுகிறோம் என்பதில்தான் பாதி சுற்றுச்சூழல் இருக்கிறது. அதை யாரும் கொடியசைத்துத் தொடங்கிவைப்பதில்லை, டெப்போவில் ஷெட்யூல் போடுகிறவர் மேஜையில் அது முடிவாகிறது.

அந்த ஷெட்யூல் போடுகிற வேலையும் லேசு இல்லை. டீசல் வண்டிக்கு சில நிமிஷத்தில் டேங்க் நிரப்பி விட்டால் நாள் முழுக்க மறந்துவிடலாம். ஒரு சார்ஜில் 200 கிலோமீட்டர் என்று சொல்லப்படுகிற வண்டியை, நெரிசலும் ஏசியும் எவ்வளவு குறைக்கும் என்று கணித்து, எந்த சிங்கிளுக்கு, அதாவது ஒருவழி நடைக்கு, அப்புறம் டெப்போவுக்குத் திருப்ப வேண்டும், அப்படிக் காலியாகத் திரும்பும் தூரம் எவ்வளவு வீண், அந்த நேரத்தில் அந்தத் தடத்துக்கு எந்த வண்டி போகும் என்று பார்க்க வேண்டும். எரிபொருள் செலவு என்னவோ லாபம்தான். 2025-ல் லிட்டர் 92 ரூபாய் டீசலில் கிலோமீட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல் எரிந்தது என்றால், யூனிட் எட்டு, ஒன்பது ரூபாய் என்று வைத்தாலும் மின்சாரத்தில் அதில் பாதிதான் ஆகும். ஆனால் வாங்குகிற விலை கண்ணைக் கட்டுகிறது. அந்த விலையை யார் கொடுப்பது என்ற இடத்தில்தான் மாமாவின் கதை மறுபடி வருகிறது.

கிளாம்பாக்கத்தில் இறங்கியதும் மாமா போகவில்லை. டிரைவர் இறங்கி வரும்வரை நின்றார். சின்னப் பையன், இருபத்தாறு இருபத்தேழு இருக்கும்.

"தம்பி, எந்த டெப்போப்பா? எத்தன வருஷ சர்வீசு?"

"நான் காண்ட்ராக்ட் சார். கம்பெனி ஆளு. கண்டக்டர்தான் எம்டிசி."

மாமா தலையை ஆட்டினார். அப்புறம் மெக்கானிக்குகள் கேட்கிற கேள்வியைக் கேட்டார். பிரேக் லைனிங் எவ்வளவு நாள் வருகிறது? பையனுக்குத் தெரியவில்லை, ஆனால் காலை எடுத்தாலே வண்டி தானாகப் பிடிக்குது சார், பிரேக்கே ரொம்ப அமுக்க வேண்டியதில்ல என்றான். மோட்டார் அந்த நேரத்தில் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கே திருப்பிக் கொடுக்கிறது என்று எனக்குத் தெரிந்த அளவில் நான் மாமாவுக்குச் சொன்னேன். அவர் அசந்துபோனார். அவர் காலத்தில் டிரைவரின் மதிப்பே கே.எம்.பி.எல்.லில்தான். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தாய் என்று மாதாமாதம் போர்டில் எழுதிப்போடுவார்கள். குறைந்தால் மெமோ. நல்ல டிரைவர்கள் பிரேக்கைத் தொடாமல், தூரத்தில் வரும்போதே காலை எடுத்து, வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தத்தில் நிறுத்துவார்கள். "அந்தக் கலையெல்லாம் இந்த வண்டிக்கு அதுவாவே வருது" என்றார், பாராட்டாகவா வருத்தமாகவா என்று சொல்லத் தெரியவில்லை.

இந்த பஸ்களை மாநகர் போக்குவரத்துக் கழகம் வாங்கவில்லை. தனியார் நிறுவனம் வாங்கி, டிரைவர் வைத்து, பராமரித்து, 12 வருஷம் ஓட்டும். கழகம் டெப்போ இடமும் கண்டக்டரும் கொடுத்து, டிக்கெட் காசைத் தான் எடுத்துக்கொண்டு, ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிறுவனத்துக்குக் கொடுக்கும். டெல்லி, பெங்களூரு எங்கும் இதே வழிதான். கையில் ஒன்றே முக்கால் கோடி இல்லாத கழகங்களுக்கு வேறு வழி கம்மி, பேட்டரி கெட்டுப்போனால் தலைவலி நமக்கில்லை என்கிற நிம்மதியும் இருக்கிறது. தொழிற்சங்கங்கள் இதைத் தனியார்மயம் என்று எதிர்க்கின்றன. எதிர்க்காமல் என்ன செய்வார்கள்? கிளட்ச் பிளேட் இல்லை, கியர் பாக்ஸ் இல்லை, இன்ஜெக்டர் பம்ப் இல்லை, ஆயில் மாற்றுகிற வேலை ஏறக்குறைய இல்லை. மீதியிருக்கிற டயர், சஸ்பென்ஷன், கதவு வேலையும் கம்பெனி ஆட்களுக்கு. என் மாமா மாதிரி ஒருவர் இனிமேல் அந்த வாசலில் எந்த வேலைக்கு விண்ணப்பம் போடுவார் என்று எனக்குப் புரியவில்லை.

என்னை இன்னும் கொஞ்சம் உறுத்துவது வேறு. பழைய முறையில் வசூலில் ஒரு சின்னப் பங்கு டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பேட்டாவாகப் போகும். ஆகவே நிறுத்தத்தில் ஆள் நின்றால் வண்டியை நிறுத்துவதில் இருவருக்கும் கொஞ்சம் அக்கறை இருந்தது. கிலோமீட்டருக்குக் காசு என்றால், வண்டி எண்பது பேரோடு ஓடினாலும் எட்டுப் பேரோடு ஓடினாலும் நிறுவனத்துக்கு ஒன்றுதான். இது ஓட்டுகிறவரின் குணத்தைப் பற்றிய பேச்சு இல்லை, காசு எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பதைப் பற்றியது. லண்டனில் எல்லா பஸ்களையும் தனியார்தான் ஓட்டுகிறார்கள். அங்கே நேரத்துக்கு வந்தால் கூடுதல் காசு, வராவிட்டால் பிடித்தம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, உட்கார்ந்து கண்காணிக்கிறார்கள். ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்பது அதைக் கண்காணிக்கிறவர் கையில் இருக்கிறது. நம் ஊரில் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று யாராவது கேட்டால் நல்லது.

ஏனென்றால் கடைசியில் கணக்கு அங்கேதான் தீரும். ஒரு பைக் கிலோமீட்டருக்கு 50 கிராம் கரியமில வாயு விடும். நான் மேலே சொன்ன மோசமான கணக்கிலேயே, ஐம்பது பேரை ஏற்றிய மின்சார பஸ்ஸில் ஆளுக்கு 14-லிருந்து 18 கிராம்தான் வரும். அதே ஐம்பது பேரை ஏற்றிய டீசல் பஸ்ஸிலும் கிட்டத்தட்ட அதேதான்! இருபது நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் பைக் வாங்கத் தவணை கட்டப் போனவனை எந்த பேட்டரியும் திரும்பக் கொண்டுவராது. சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவுக்குள் 16,000-க்கும் மேற்பட்ட பஸ்களை முழுக்க மின்சாரத்துக்கு மாற்றியதை எல்லோரும் சொல்கிறோம். ஒரே நகரத்துக்கு 16,000 பஸ் என்கிற பாதியை விட்டுவிட்டு, மின்சாரம் என்கிற பாதியை மட்டும் சொல்கிறோம். சென்னையில் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம்தான்.

படி இல்லாத அந்த வாசலைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அது மின்சாரத்தால் வந்ததில்லை. தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் தளம் இருக்க வேண்டும், சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பலகை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காடியதால் வந்தது. மழைத்தண்ணீர் தேங்கும், வேகத்தடை இடிக்கும், நம் ரோட்டுக்கு ஆகாது என்று சொல்லப்பட்ட காரணங்கள் கொஞ்சமல்ல. 2024-ல் வந்த தாழ்தள டீசல் பஸ்களும் அந்த வழக்குகளின் பிள்ளைகள்தான். மாமாவிடம் இதைச் சொன்னேன். "நாங்க ரோட்டத்தான் காரணமா சொல்லுவோம்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "என் முட்டிக்கு யாரோ கேஸ் போட்டிருக்காங்க பாரு" என்றார்.

காதுகுத்து முடிந்து, சாப்பிட்டு, திரும்ப கிளாம்பாக்கம் வந்தபோது மணி நாலரை. மாமா மறுபடி கரண்டு வண்டிக்கே நிற்கலாம் என்பார் என்று நினைத்தேன். முதலில் வந்தது பழைய சிவப்பு டீசல் பஸ், மூன்று படி, பானெட்டோடு. "வர்றதுல ஏறும்மா" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்து, முனகிக்கொண்டே ஏறிவிட்டார். முன்பக்கம் சீட்டு கிடைத்தது. போகும்போது இரண்டு மணி நேரம் கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டே வந்த மனிதர், இந்த இரைச்சலில், வண்டலூர் தாண்டுவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார்.